மணப்பெண் இல்லாத கல்யாணப் படம்

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதில் அப்பா மாலையோடு நிற்கிறார். பக்கத்தில் பட்டும் மாலையுமாக நிற்பது அம்மா இல்லை, அப்பாவின் தங்கை, என் அத்தை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் சகோதரி மணப்பெண் போலவே அலங்கரித்துக்கொண்டு அவருக்கு இணையாக நிற்பார். ஸ்டூடியோக்காரர் வெளியூர். ஜோடி இதுதான் என்று அவராகவே முடிவு கட்டி, இதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். மற்ற சின்னப் படங்களைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள்.

அப்பா போய் வருஷம் திரும்பிய நாளில் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு விளக்கமும் எழுதவில்லை, என் புத்தி அப்படி. அத்தையை அம்மா என்று நினைத்து, "பெரியம்மா என்ன அழகு!" என்று வாண்டுகள் எல்லாம் பூங்கொத்தாக அனுப்பித் தள்ளினார்கள். அம்மா எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தாலி கட்டறப்பவும் ஒரு படம் எடுத்தாங்க கண்ணு. யாரு கொண்டு போனாங்களோ. உங்கப்பாகூட நான் உக்காந்திருக்கறத ஒருக்கா பாத்துப்போடோணும்."

எனக்குச் சுருக்கென்றது. பனியன் கம்பெனியில் சரக்கைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஒரு பனியனில் லேபிள் மாறியிருந்தால் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவள் நான். என் வீட்டில் நாற்பது வருஷமாக லேபிள் மாறித் தொங்கியிருக்கிறது! அந்தப் படத்தைக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

குழுவில் கேட்டதற்கு எல்லோரும் "தேடிப் பாக்கறமுங்க" என்றார்கள். யாரும் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். குன்னத்தூரில் படங்களைக் கரையான் தின்றிருந்தது. ஊத்துக்குளியில் படத்துக்குப் பதில் வெண்ணெய் கொடுத்தனுப்பினார்கள். கடைசியாகக் காங்கேயம், அத்தை வீடு. கடைசியாகப் போனதற்குக் காரணம் அத்தையின் வாய்.

"ஏங்கண்ணு, என்ற படம் உங்கூட்டுச் சொவத்துல ராணியாட்டம் தொங்குது. உங்கம்மா படம் எங்கூட்டுப் பீரோவுல இருந்தா என்ன?"

ஆல்பத்தை எடுத்துவந்தார். அந்தப் படம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக் கிடந்தது.

"இழுத்தா மூஞ்சி பேந்துரும். உட்டுட்டுப் போ சாமி."

"இல்லீங்கத்தை. எடுத்துட்டுத்தான் போவேன்."

கைப்பையில் கிடந்த கம்பெனித் தையல் நூலை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்து, படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். ஒரு மத்தியானம் முழுக்க. முதலில் திட்டிக்கொண்டிருந்த அத்தை, பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு டார்ச் பிடித்தார். படம் முழுசாக வந்ததும், "எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்துரோணும், ஆமா" என்றார். கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அது அண்ணன் படம்தானே.

சாயங்காலம் அம்மாவின் மடியில் வைத்தேன். அப்பா தாலி கட்டுகிறார். அம்மா தலை குனிந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார் முடிச்சுப் போட்டபடி, கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது அத்தை.

"அட கருமமே, இதுலயும் அவளா!" அம்மா குலுங்கிச் சிரித்தாள்.

"வெட்டிட்டுப் பெருசு பண்ணட்டுமாம்மா?"

"வேண்டாம் கண்ணு. முடிச்சுப் போட்டவ இருக்கட்டும்."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். விரல் அப்பாவின் முகத்தில் நின்றது.

"சொவத்துல இருக்கற படத்துல உங்கப்பா கேமராவப் பாக்கறாரு. இதுல பாரு, என்னையப் பாக்கறாரு."