அவன் கையில் அவள் தட்டு

என் தம்பி பெண்டாட்டிக்கு முன்பல் இரண்டு கிடையாது. யாராவது கேட்டால் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்பாள். குளியலறை என்ன பாவம் செய்தது? தலைமயிரைப் பிடித்து அவள் முகத்தைக் குழாயில் மோதியவன் என் தம்பி. கூடப் பிறந்த அக்கா என்பதற்காக நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை.

அவன் பழைய கட்டடங்களை இடிக்கிற வேலைக்காரன். சம்மட்டியை அவன் ஓங்கினால் சுவர் இரண்டாவது அடிக்குத் தாங்காது. வேலையிடத்தில் அவனுக்குச் சம்மட்டி என்றே பெயர். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைக்கு ஓய்வு கிடையாது. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் ஓர் அறை, கூடினால் இரண்டு. கதவிடுக்கில் அவள் விரலை வைத்துச் சாத்தியிருக்கிறான். அந்த விரல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஒருமுறை எனக்கு வந்த ஆத்திரத்தில் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டி அவன் முதுகில் விளாசிவிட்டேன். என்னைச் சுவரோடு தள்ளிவிட்டுப் போனான். போனவன் அதற்கும் சேர்த்து அவளுக்குத்தான் கொடுத்தான். பிறகு நான் அவன்மேல் கைவைப்பதை விட்டுவிட்டு, வாயால் மட்டும் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

அவளும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்றாக வேலை செய்கிறோம். நாள் முழுக்க நீராவி. ரத்தக்கறை விரிப்புகள் தனிக் கூடையில் வரும், அவற்றைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலச வேண்டும். காய்ந்த விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. கையைத் தூக்கி உதறும்போது அவள் சட்டைக்கை கீழே சரியும், அந்த வாரக் கணக்கு முழுக்க நீலமும் பச்சையுமாகத் தெரியும். யாராவது அவள் பக்கமாகக் கையை உயர்த்தினால் போதும், மேலே அலமாரியில் சோப்பு எடுக்கக்கூட, சட்டென்று குனிந்து தலையை மூடிக்கொள்வாள். தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்து நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். வாயில்லாப்பூச்சி என்று பெரியவர்களே பெயர் வைத்திருக்கும்போது பிள்ளைகளைச் சொல்லி என்ன?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் டிஸ்க் கோல்ஃப் விளையாடப் போவான். பழைய குப்பைமேட்டை மண்போட்டு மூடிப் புல் வளர்த்த மைதானம் அது. தூரத்தில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடை இருக்கும். பிளாஸ்டிக் தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, குறைந்த எறியில் கூடைக்குள் போடுகிறவர் ஜெயித்தவர். தட்டு என்றதும் சோற்றுத் தட்டு என்று நினைக்காதீர்கள், விளிம்பு அப்படியொரு கெட்டி. இவன் எறிந்த தட்டு ஒருமுறை முன்னால் ஆடிக்கொண்டு போன எலக்ட்ரீஷியன் ஒருவரின் நெற்றியைப் பிளந்துவிட்டது. ஏழு தையல். குறுக்கே ஏன் நின்றாய் என்று அந்த மனுஷனையே சட்டையைப் பிடித்து உலுக்கியவன் இவன்.

ஆட்டத்துக்கு அவளையும் இழுத்துப் போவான். அவனுடைய பெரிய பையைச் சுமக்க ஆள் வேண்டுமே! அத்தனையும் முரட்டுத் தட்டுகள். முரட்டுத் தட்டு என்பது மைதானத்தில் எல்லோரும் சொல்கிற பெயர்தான். வேகமான கைக்கு அது காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும், கடைசியில் மட்டும் இடப்பக்கம் வளைந்து இறங்கும். அதையே மெலிந்த கை எறிந்தால் புறப்பட்டதுமே இடப்பக்கம் மடங்கித் தரையில் குத்தும். தன் தட்டு ஒன்றை அவள் கையில் கொடுத்து எறியச் சொல்வான். அது மடங்கி விழும். நாலு பேருக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஜோடிப் போட்டி என்றால் சிரிப்பு இருக்காது. அவளால் தோற்றேன் என்று வீட்டில் போய்த் தீர்த்துக்கொள்வான்.

பார்க்கச் சகிக்காமல் நான்தான் கடைக்குப் போய், எங்களை மாதிரிக் கைக்கு எது சரிப்படும் என்று கேட்டு மஞ்சள் நிறத்தில் ஓர் இளந்தட்டு வாங்கினேன். சலவைக்கூடத்துக்குப் பின்னால் துணி காயும் வெளியில் சாப்பாட்டு நேரத்தில் எறிந்து பார்த்தாள். அம்மாடி, அது வரைந்த கோடு மாதிரி போயிற்று! அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை, பல் இல்லாத சிரிப்பை, நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் ஆசை வந்தது. ஈரத்துணி பிழிந்து உரமேறிய கை இது. பலம்கொண்ட மட்டும் வீசினேன். நேராகக் கிளம்பிய தட்டு நடுவழியில் வலப்பக்கம் புரண்டு, காய்ந்துகொண்டிருந்த விரிப்பில் மோதிச் சாக்கடையில் விழுந்தது.

அவள் அதை எடுத்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இது என் வேகத்துக்குத்தான் அண்ணி நேரா போகும். உங்க வேகத்தை இது தாங்காது, வலதுபக்கம் கவுந்துரும். எதிர்காத்து அடிச்சா இன்னும் சீக்கிரமா கவுந்துரும்."

அதற்கப்புறம் அவளாகவே அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டாள். சின்னத் துணிப்பை ஒன்று தைத்து அதில் போட்டு வைத்தாள். பொம்பளைத் தட்டு என்று அவன் கேலி செய்வான், கையால்கூடத் தொட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள், விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, அவனை விட்டு வந்துவிடப் போவதாகச் சொன்னாள். வாசலைத் தாண்டினால் அன்றைக்கே உன் கதை முடிந்தது என்று அவன் பலதடவை சொல்லியிருக்கிறான், சொன்னதைச் செய்கிறவன். சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு ஓடி வா என்றேன். சொல்லாமல் வந்தால் தேடி வந்து உங்களையும் சேர்த்து அடிப்பார் என்றாள்.

"வீட்டுக்குள்ள சொன்னா தடுக்க ஆள் இல்ல, அண்ணி. மைதானத்துல வச்சுச் சொல்றேன்."

அந்த ஞாயிறு நானும் போனேன். என் பையில் ஓர் உலக்கை கொள்ளாது என்பதால் துணி அடிக்கிற கட்டையை வைத்துக்கொண்டேன். காற்று எதிர்முகமாக வீசிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அவன் எறிந்தான், தட்டு கூடைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவளும் ஒரு தட்டை எறிந்தாள், பாதித் தூரத்தில் விழுந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் இன்னிக்கு வீட்டுக்கு வரல. இனிமே அண்ணி வீட்டுலதான் இருக்கப் போறேன்."

சொல்லிவிட்டு, எப்போதும்போல அவனுடைய பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் தட்டு விழுந்த இடத்தை நோக்கி நடந்தாள். துணிப்பை அவன் காலடியிலேயே கிடந்தது. பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் எலக்ட்ரீஷியன், நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே, களுக்கென்று சிரித்துவிட்டார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. அவன் அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். காது கூசுகிற வசவு கூடவே வந்தது. கையில் எதுவும் இல்லை. குனிந்து அவள் பையைக் கவிழ்த்தான், மஞ்சள் தட்டைப் பொறுக்கினான், உடம்பை முறுக்கிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தான். கூடையை நோக்கி எறிகிறவன் நிற்கிற நிலை அது. அவன் பார்த்தது அவள் முகத்தை.

அவள் திரும்பி நின்றாள். அவளுக்கும் அவனுக்கும் இடையே வெட்டவெளி. அவனுக்கு வலப்புறமாக, அவளுக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு தடித்த மரம். மரத்துக்கு ஓடு, மரத்துக்கு ஓடு என்று எல்லோரும் கத்தினோம். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். சோப்பு எடுக்கக் கை உயர்த்தினால் குனிகிறவள், அவன் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

எறிந்தான். சுவரை உடைக்கிற பலம் அத்தனையும் அதில் போயிற்று. தட்டு விர்ரென்று அவள் முகத்துக்கு நேராகத்தான் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், மூடவில்லை. பாதி வழி தாண்டியதும் எதிர்காற்றில் அது வலப்பக்கம் கவிழ்ந்தது. அவளை விட்டு விலகி, அந்த மரத்தில், ஓர் ஆள் தலை இருக்கும் உயரத்தில் மோதியது. பட்டை பெயர்ந்து தெறித்தது. நாங்கள் சொன்னபடி ஓடியிருந்தால் அவள் தலை அங்கேதான் இருந்திருக்கும்.

அவன் நம்பாமல் தன் கையையே பார்த்தான். பிறகு அவளை நோக்கி ஓடினான். நான் குறுக்கே விழுந்து கட்டையால் முழங்காலில் ஒரு போடு போட்டேன். விழுந்தவன் எழுந்து என் வாயில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அதற்குள் எலக்ட்ரீஷியனும் மற்றவர்களும் அவன்மேல் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். ஏழு தையலுக்கும் வட்டியோடு கொடுத்தார் அந்த மனுஷன். போதும் என்று நான் சொல்லவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது, பெயர், வயது, இதுவரை செய்தது எல்லாவற்றையும் அவனுடைய சொந்த அக்காவே எழுதிக் கொடுத்தாள்.

அவள் மரத்தடிக்குப் போய் மஞ்சள் தட்டை எடுத்தாள். விளிம்பு நசுங்கியிருந்தது. கீழே அமுக்கப்பட்டுக் கிடந்தவனுக்குப் பக்கத்தில் அவனுடைய பையை இறக்கி வைத்தாள்.

என் வீட்டுக்கு வந்து உதட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன், உன் பையை மறந்து வைத்தாயா, வேண்டுமென்றே வைத்தாயா என்று.

"எனக்கே சரியா தெரியல அண்ணி. அவரு பையை அவரு பக்கத்துல விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு மட்டும் தோணுச்சு."

அவனுடைய தட்டாக இருந்திருந்தால் நேராக வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போனோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, விரிப்பை உதறினோம். பறந்த பஞ்சு ஒன்று அவள் தலைமயிரில் ஒட்டிக்கொண்டது. எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். விரிப்பைப் போட்டுவிட்டுக் குனிந்து தலையை மூடிக்கொண்டாள்.

நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி, ரத்தம், தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, எதற்கும் அழாதவள் அப்போதுதான் அழுதேன். இப்போதெல்லாம் அவள் பக்கமாகக் கையைக் கொண்டுபோவதற்கு முன்னால், இந்தா வருகிறேன் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் கொண்டுபோகிறேன்.