குமுதா டீச்சரின் சுழல் நாற்காலி

தஞ்சோங் காராங்கில் உள்ள அந்த இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் என்றால் குமுதா டீச்சர். குமுதா டீச்சர் என்றால் அவருடைய சுழல் நாற்காலி. சைக்கிள் சக்கரம் ஒன்றைச் சுற்றிவிட்டு, அதன் அச்சை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். அச்சைச் சாய்த்தால் சக்கரம் பக்கவாட்டில் திமிறும். கால் தரையில் படாமலே நாற்காலி திரும்பும்.

"விண்வெளியில கால் ஊன்றத் தரை ஏது? செயற்கைக்கோளும் உள்ள இருக்கிற சக்கரத்த வெச்சுத்தான் மூஞ்சியத் திருப்பிக்குது" என்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல்தான் அவருக்குச் சோறு.

இந்த வருடம் கலும்பாங்கிலிருந்து லோகேஸ்வரி என்ற இளம் ஆசிரியை மாற்றலாகி வந்தாள். வந்தவள் சும்மா இருக்கக் கூடாதா? நூலில் தொங்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்தாள். உள்ளே மோட்டாரில் ஒரு குட்டிச் சக்கரம். சக்கரம் ஒரு பக்கம் வேகமெடுத்தால் பெட்டி மறுபக்கம் திரும்பும். டார்ச் அடித்தால் வெளிச்சத்தையே பார்த்து நிற்கும். பிள்ளைகள் அதையே மொய்த்தார்கள். நாற்காலி ஆய்வுக்கூடத்து மூலைக்குப் போனது. மாநில அறிவியல் விழாவுக்கு இரண்டில் எதை அனுப்புவது என்று பெற்றோர் தினத்தன்று முதல்வர் முடிவு செய்வதாக இருந்தது. குமுதாவுக்கு வயிறு எரிந்தது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. லோகேஸ்வரி லோரிக்காரர் மகள். அப்பா லோரிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல, இவளும் குட்டிச் சக்கரத்தின் விளிம்பில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தாள். ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறினால் சக்கரம் என்ன ஆட்டம் ஆடும் என்று குமுதாவுக்குத் தெரியும். பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் முதல்வர் முன்னால் பெட்டி காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. டார்ச்சை எங்கே அடித்தாலும் நிலைக்கவில்லை. லோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, ஒங்க நாற்காலியக் கொண்டாங்க லா" என்று அவளே கூப்பிட்டாள்.

குமுதா உட்கார்ந்து அச்சைச் சாய்த்தார். நாற்காலி சுற்றியது. கைதட்டல் எழுந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் லோகேஸ்வரியின் முகம் எதிரே வந்து போனது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் அவள்தான். இத்தனை நாள் ஏங்கிய சோறு தொண்டையில் சிக்கியது.

அச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். நாற்காலி நின்றது.

"நல்லவேள அக்கா. நீங்க இல்லன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும்."

"ஒன் சக்கரத்துல சந்தனம் ஒட்டியிருக்கு. தொடச்சிட்டு மறுபடி சுத்தவிடு" என்றார் குமுதா. பிறகு குரல் தாழ்ந்தது. "நேத்தே பார்த்தேன்."

லோகேஸ்வரி முதலில் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.