ஆனந்தராசாவுக்குப் போர்த்திய பொன்னாடை

அம்புறோஸிடம் ஒரு குறை இருந்தது. யாருக்கும் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லமாட்டார். ஒரு கலியாண வீட்டுக்குப் போக முடியாவிட்டால், அதைக்கூடத் தன் மனைவி அல்போன்சம்மாவின் வாயால்தான் சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட மனிதரைப் பிடித்து ஒரு பந்தாட்ட அணிக்கு மனேஜராக்கினால் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிப்பார்? அம்புறோஸ் பத்து வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். 2005ஆம் ஆண்டு வசந்தத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

பகலில் அவர் சென்ட் லோரன்டில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கோடையில் வியாழன் மாலைகளில், பக்கத்துப் பூங்காவில் தொழிற்சாலைகளுக்கிடையே நடக்கும் சொஃப்ட்போல் போட்டிகளில் தமிழ் அணியை நடத்தினார். சொஃப்ட்போல் என்பது பேஸ்போலின் சாதுவான தம்பி. பந்து கொஞ்சம் பெரிது, கையைக் கீழால் வீசி எறிவார்கள், மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் மட்டையும் பந்துமாக எல்லே அடித்து வளர்ந்தவர்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

"இது எங்கட எல்லேதான். இவங்கள் கைக்கு ஒரு தோல்பை தந்திருக்கிறாங்கள், அவ்வளவுதான்," என்று சொல்லி அம்புறோஸின் கையில் முதன்முதலில் கிளவ்வை மாட்டிவிட்டவர் ஆனந்தராசா.

அம்புறோஸைவிட ஏழு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து இந்தப் பனி நாட்டில் வந்து இறங்கிய அம்புறோஸைத் தன் வீட்டில் வைத்திருந்து, தான் வேலை செய்த அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அணியைத் தொடங்கியவரும் அவர். தனக்குப் பந்து எறிவதே போதும் என்று சொல்லி, மனேஜர் பொறுப்பை அம்புறோஸின் தலையில் கட்டியவரும் அவரேதான். அன்றிலிருந்து அணியின் பந்தை எறிந்தது வேறு யாருமில்லை.

அணிக்கு வயதேறியபோது அம்புறோஸ் அதைக் கெட்டித்தனமாகவே சமாளித்தார். ஓட முடியாதவரைத் தூரத்து மூலையிலிருந்து, அதிகம் ஓடத் தேவையில்லாத முதலாவது பேஸுக்குக் கொண்டுவந்தார். முழங்கால் தேய்ந்தவர் அடித்தால், ஓடுவதற்கு இன்னொருவரை விட்டார். தோள் பிடித்துப்போன ஒருவரைப் புள்ளி எழுதும் மேசையில் உட்காரவைத்து, அது பெரிய பதவி என்று நம்பவும் வைத்தார். பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது என்பார்களே, அந்த வித்தையில் அவர் மன்னன். ஆனால் பந்து எறிபவரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அவர் நடு மைதானத்தில், அடிப்பவருக்கு நேரெதிரே நிற்கிறவர்.

முந்திய செப்டெம்பரில், கடைசி ஆட்டத்தில், ஒருவன் அடித்த பந்து நேரே திரும்பி வந்து ஆனந்தராசாவின் நெஞ்சில் பட்டது. அவர் சிரித்துக்கொண்டே தடவிக்கொண்டார். வயது போய்விட்டது, கை எழும்பவில்லை என்று பொடியன்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்புறோஸுக்கு வேறொன்று தெரிந்தது. பிழை கையில் இல்லை. பந்து நெஞ்சில் பட்ட பிறகுதான் அது வந்ததே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அம்புறோஸ் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். நகரத்தின் பெரிய பேஸ்போல் அணியான எக்ஸ்போஸ் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போவதற்கு முன், இருவரும் பெரிய ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். "இப்ப ஆர் அடிக்கிறான்?" என்று ஆனந்தராசா திரும்பத் திரும்பக் கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் அம்புறோஸ் நினைத்தார். பனிக்காலம் வந்ததும் ஆனந்தராசா காரையும் விற்றுவிட்டார். பனி கிண்டி அலுத்துவிட்டதாம். சலரோகம், அதுதான் சர்க்கரை வியாதி, அவருக்குக் கன காலமாக இருந்தது. அது கடைசியில் கண்ணைத்தான் பிடிக்கும் என்று அம்புறோஸுக்குத் தெரியும்.

அடுத்த பருவத்துக்குப் பதினைந்து பேரின் பெயரைச் சித்திரை முடிவதற்குள் கொடுக்கவேண்டும். இங்கே வளர்ந்த ரதீசன் என்ற இளைஞன் நன்றாக எறியத் தொடங்கியிருந்தான். ஆனந்தராசாவை அணியிலிருந்து நிறுத்துவதில் அம்புறோஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இன்னொரு பந்து வந்து முகத்தில் பட்டால் என்ன கதி? ஆனால் அதை எப்படி அவரிடம் சொல்வது? சோறு போட்ட மனிதரிடம் போய், அண்ணை, உங்களுக்குக் கண் போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழும்புமா?

"இதில யோசிக்க என்ன கிடக்கு? வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, நேர சொல்லுங்கோ," என்றாள் அல்போன்சம்மா.

"மனிசன் நொந்துபோகும்."

"சொல்லாமல் விட்டா நோகாதோ?"

அம்புறோஸ் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. நம்மவர்கள் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கவேண்டுமென்றால் பொன்னாடை போர்த்துவார்கள். மேடையில் ஏற்றி, மாலை போட்டு, சேவையைப் புகழ்ந்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போர்த்தப்பட்டவருக்கும் விளங்கும், பார்த்தவருக்கும் விளங்கும், யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

அணியின் வருடாந்த விருந்தில் அது நடந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் புடவைக்கடையில் வாங்கிய சரிகைச் சால்வையை அம்புறோஸ் தன் கையாலேயே போர்த்தினார். "அண்ணையின்ர சேவையை நாங்கள் மறக்கமாட்டம்," என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனந்தராசா தலை குனிந்து வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. காரியம் முடிந்தது என்று அம்புறோஸ் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

முதலாவது ஆட்டத்துக்கு அம்புறோஸ் பூங்காவுக்குப் போனபோது, வாங்கில் ஒருவர் முன்னமே உட்கார்ந்திருந்தார். அணியின் சட்டை, மடியில் கிளவ். ஆனந்தராசா. மற்றவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"அண்ணை, ஆட்டம் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார் அம்புறோஸ். கேட்கும்போதே தன் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"விளையாட வந்தனான்."

"அண்டைக்கு… பொன்னாடை…"

"போட்டனி. வடிவான சால்வை. ஆனா ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே, அம்புறோஸ். நீயும் சொல்லேல்லை." ஆனந்தராசா குரலை உயர்த்தவில்லை. "உன்னை மனேஜராய்ப் போட்டது நான். என்னை நிப்பாட்டுறதெண்டா உன்ர வாயால நிப்பாட்டு. பேந்து போறன்."

"பதினைஞ்சு பேரில உங்கட பேர் இல்லை, அண்ணை."

"ஏன்?"

இளம் பொடியன்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"உங்களுக்குப் பந்து தெரியேல்லை."

ஆனந்தராசா மடியிலிருந்த கிளவ்வைத் தடவினார். "எப்ப கண்டனி?"

"போன செப்டெம்பர்."

"ஒரு பனிக்காலம் முழுக்க இதை வாயுக்குள்ள வைச்சிருந்தனி," என்றார். திட்டியிருந்தால் அம்புறோஸ் தாங்கியிருப்பார். அவர் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சுவெட்டரைச் சரிசெய்துகொண்டு, சட்டையை மடித்து வாங்கில் வைத்தார். கிளவ்வை அதன் மேல் வைத்தார். பிறகு தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

ஆட்டம் தொடங்கியது. ரதீசன் எறிந்தான். அம்புறோஸின் கண் மைதானத்தில் நிற்கவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது, போனது. ஆனந்தராசா அங்கேயே நின்றார். போக மனம் வரவில்லை போலும் என்று அம்புறோஸ் நினைத்தார், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இரண்டாவது பஸ் வந்தது. ஆனந்தராசா முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, பஸ்ஸின் மேலே இருந்த இலக்கப் பலகையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பின்வாங்கிவிட்டார். அவருடைய வீட்டடியில் நிற்பது ஒரே பஸ்; இந்த நிறுத்தத்தில் மூன்று வெவ்வேறு பஸ்கள் நிற்கும். அவருக்கு எந்த இலக்கமும் தெரியவில்லை.

"தம்பி, நீ பாத்துக்கொள்," என்று பக்கத்தில் நின்றவனிடம் அம்புறோஸ் சொல்லிவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தெருவைக் கடந்து போனார்.

"இப்ப போனது உங்கட பஸ், அண்ணை."

"அப்பிடியோ." ஆனந்தராசா திரும்பிப் பார்க்கவில்லை. "டிரைவரிட்டக் கேக்கலாம். கேட்டா இந்த மனிசனுக்குக் கண் தெரியாதெண்டு ஆகிப்போடும். இண்டுவரைக்கும் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை."

"அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் அம்புறோஸ். ஆனந்தராசாவின் மனைவியை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"புஷ்பராணிக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலையையும் விடச் சொல்லுவாள். இண்டைக்கு வீட்டில இருந்திருந்தா, ஏன் விளையாடப் போகேல்லை எண்டு கேட்டிருப்பாள். அதுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனான்."

தெருவில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. அவரும் தானும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கமாக மூடிவைத்துக்கொண்டிருந்ததாக அம்புறோஸுக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது.

"ஆட்டம் முடிய நானும் வீட்ட வாறன். அக்காவுக்கு நான் சொல்லுறன்," என்றார்.

"நீயோ சொல்லப்போறாய்?" என்றார் ஆனந்தராசா. அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான், அதிலும் பாதிதான்.

"ஓம், நான்தான். இப்ப வாங்கோ."

"வந்து என்னத்தைப் பாக்கிறது?"

"நான் சொல்லுறன்."

வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மடித்து வைத்த சட்டை இருவருக்கும் நடுவே கிடந்தது. ரதீசன் எறிந்தான். மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. மைதானத்தில் நம்மவர்கள் பின்பக்கமாக ஓடினார்கள்.

"என்ன நடந்தது?"

பந்து மரங்களைத் தாண்டிப் போய்விட்டது. எதிரணியில் மூன்று பேர் புள்ளி எடுக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் "பரவாயில்லை" என்ற சொல்தான் அம்புறோஸின் வாயில் முதலில் வந்தது. அதை அவர் விழுங்கிவிட்டார்.

"அடிச்சிட்டாங்கள், அண்ணை. பந்து போட்டுது. நாங்கள் தோக்கிறம்."

ஆனந்தராசா மைதானம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"இப்பிடிச் சொல்லு," என்றார்.