மவுசுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூசையன்று பொட்டு வைக்கும் உத்தியோகம் எனக்குத்தான். நாலாம் வகுப்பு வரை நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றே. அம்மா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொடுத்தால் அரிவாள்மனை, மிக்ஸி, அப்பாவின் பைக் என்று எதையும் விடமாட்டேன். அந்த வருடம் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. திரைக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று வைத்தாயிற்று. வயரில்லாத மவுசுக்கு எங்கே வைப்பது? புரட்டிப் பார்த்தேன். அடியில் சிவப்பாக ஒரு லைட் எரிந்தது. இதுதான் நெற்றி என்று முடிவுசெய்து தாராளமாகவே அப்பினேன்.

பூசைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். புத்தகத்துக்கும் அதுவே சட்டம் என்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமா பஸ் ஏறி ராஜபாளையம் வந்தார். அம்மாவின் தம்பி. ஒரு கையில் பால்கோவா, மறு கையில் சர்டிபிகேட் கவர். போலீஸ் வேலைக்கு ஆன்லைனில் மனுப்போட அன்று ஆறு மணிதான் கெடு. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவருக்கு வயது தாண்டிவிடும். மாமா எதையும் கடைசி நாளில்தான் செய்வார். அங்கேயோ பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் மாவிலை கட்டிப் பூட்டிக் கிடந்தனவாம்.

“சாமிக்கு வச்சத எப்படிலே எடுக்கது?” என்றாள் அம்மா.

“எக்கா, போலீசும் ஆயுதம் தூக்குற வேலதான. சாமி ஒண்ணும் சொல்லாது.”

அம்மா இன்னொரு சூடத்தைக் கொளுத்திக் காட்டிவிட்டு வழிவிட்டாள்.

கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. மவுசை அழுத்தினால் டிக் டிக்கென்று சத்தம் வந்தது, திரையில் அம்பு மட்டும் அசையவில்லை. மாமா மவுசின் மேல்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்துப் போட்டார். சுவர்க்கடிகாரத்திலிருந்து வேறொன்றை உருவிப் போட்டார். கடிகாரம் நின்றதுதான் மிச்சம். மவுசுக்காகக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த நக அளவு டாங்கிளைப் பிடுங்கி, ஊதி, அடுத்த ஓட்டையில் செருகினார். என் நோட்டுமேல் மவுசை ஓட்டினார், பிறகு தன் தொடைமேல் ஓட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அம்பு நட்டநடுத் திரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

அம்மா அடுப்படி வாசலில் நின்று, சாமி குத்தமாகிவிட்டது என்று முணுமுணுத்தாள். என்னைக் கண்டால் ஒரு குட்டாவது வைக்காமல் போகாத மாமா, அன்று செல்லில் மணி பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கடைசியில் கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கும் ஒரு சேக்காளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்தச் சேக்காளி கேட்டது என் காதிலும் விழுந்தது: அடியில் சிவப்பு லைட் தெரிகிறதா?

மாமா புரட்டுவதற்குள் மவுசைப் பறித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டு டவுசரில் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். அம்பு துள்ளி ஓடியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“என்னலே செஞ்ச?”

“துண்ணூறு போட்டுக் கும்புட்டேன் மாமா.”

மாமா என் கட்டைவிரல் நகத்தை ஒரு நொடி பார்த்தார். திரைப்பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினார். கெடுவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மனு போய்ச் சேர்ந்தது.

அம்மா பொரிகடலையும் பால்கோவாவும் எடுத்து வைத்து எங்களைக் கூப்பிட்டாள். மாமா என்னை நேராகக் குழாயடிக்கு இழுத்துப்போனார். “சாப்பிடுததுக்கு முன்னால கை கழுவணும் மருமவனே” என்று சொல்லி, சோப்புப் போட்டு ஒவ்வொரு நகமாகத் தேய்த்துக் கழுவிவிட்டார். கும்பிட்ட பிள்ளைக்கென்று அம்மா பால்கோவாவில் பெரிய துண்டைக் கொடுத்தாள். போலீசாகப் போகிற ஆளையே ஏமாற்றிவிட்டேன் என்று லீவு முடிந்ததும் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

மாமா இப்போது ஏட்டு. அன்று என் கையை அத்தனை அக்கறையாகக் கழுவிவிட்டவர், தன் கையைக் கழுவாமலே உட்கார்ந்து பொரியை அள்ளித் தின்றார். அதையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.