தேவராஜ் வீட்டுச் சுண்டல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய தேவராஜுக்குப் பத்து வருடமாக ஒரே ஆசை. ஒரு ஆயுத பூஜைக்காவது சுண்டல் தன் வீட்டிலிருந்து போக வேண்டும். அந்தப் பட்டறையில் வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை. ஆறு பேரில் ஐந்து வீடுகள் இரண்டு சுற்று முடித்துவிட்டன. ஊரை விட்டுத் தள்ளியிருந்த வானகரம் காலனியில் தேவராஜ் வீட்டுக்கு மட்டும் முறை வரவே இல்லை.

அவரை ஒதுக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. மதியம் ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பக்கத்து லேத்தில் ஜெயராமன், முத்தாபுதுப்பேட்டையில் நிலபுலன் உள்ள வீட்டுக்காரர். தன் டப்பாவிலிருந்து குழம்பை எடுத்து தேவராஜுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார். கொடுக்கிற கை ஒரு நாளாவது வாங்குகிறதா என்று தேவராஜ் கவனித்ததில்லை. அவ்வளவு வெள்ளந்தி.

தொண்ணூற்றொன்றில் வாய்விட்டே கேட்டார்.

"இந்த தபா நம்ம ஊட்லேர்ந்து எட்த்தாரட்டா அண்ணாத்தே?"

"இத்தப் போயி கேட்டுகினு கீறியே, எட்த்தாப்பா," என்றார் ஜெயராமன்.

தேவராஜின் மனைவி குப்பம்மா புதுக் குண்டான் வாங்கி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். ஜெயராமன் மகளுக்கென்று பெரிதாக ஒரு பொட்டலம் கட்டி, அதற்கு மட்டும் மஞ்சள் நூல் சுற்றினாள். பூஜை முடிந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தேவராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர்கள் கிளம்பியபின் குண்டானைக் கழுவப் பின்பக்கம் போனார். இரும்புச் சுருள் கொட்டும் தொட்டியில் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன. மஞ்சள் நூல் சுற்றியதும் கிடந்தது. குண்டானைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். குப்பம்மா கேட்டபோது, பத்தவில்லை என்று சொன்னார்கள் என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருடம் ஜெயராமனே, சுண்டல் தேவராஜ் வீட்டிலிருந்தே வரட்டும் என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்றார். காரணத்தைச் சொன்னால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இவர்தான் வெட்கப்பட்டார், பாவி மனுஷன். மதியச் சாப்பாட்டையும் தன் லேத்தடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஜெயராமனுக்கு அதில் மெய்யாகவே வருத்தம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் ஆற்றாமையோடு சொல்வார்.

"நாங்க ஒரு வித்தியாசமும் பாத்ததில்லப்பா. அவுங்கதான் ஒட்ட மாட்டேன்றாங்க."

மனசார நம்பித்தான் சொன்னார். வந்தவர்களும் நம்பினார்கள். பக்கத்து லேத்தில் நின்ற தேவராஜுக்கு அது ஒவ்வொரு முறையும் கேட்டது.