அத்தாவின் கோழித்தூக்கம்

கோரிப்பாளையத்தில் எங்கள் அத்தாவுக்குத் தையல் சாமான் கடை. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டாரென்றால் நாற்காலியிலேயே கண்ணை மூடிவிடுவார். வெளியே பஸ் ஹாரன் அலறும். உள்ளே ஃபேன் காற்றில் நூல்நுனிகள் ஆடிக்கொண்டிருக்கும். "அண்ணே, நாலு ஓட்டை பட்டன், சந்தன கலர் இருக்கா?" என்று டெய்லர் யாராவது கேட்டால், கண்ணைத் திறக்காமலே, "மூணாம் தட்டு, இடது ஓரம்" என்பார். அங்கேதான் இருக்கும். அம்மா அதைக் கோழித்தூக்கம் என்பாள்.

கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்து நானும் அதே தூக்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரச் சிப்புக்குள் இருக்கும் மெமரியை வடிவமைப்பது என் வேலை. சிப் தூங்கும்போது மற்றதற்கெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். மெமரிக்கு நிறுத்தினால் எல்லாம் மறந்துபோகும். அதனால் வோல்டேஜைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து, மறக்காத அளவுக்கு மட்டும் ஊட்ட வேண்டும். தூங்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதெல்லாம் ஞாபகம் இருக்கிறதென்று எழுப்பிக் கேட்டால்தான் தெரியும்.

"எதுல ஓடும் அது?" என்றார் அத்தா ஒருநாள்.

"பட்டன் பேட்டரில, அத்தா."

"அட! அப்ப நீயும் பட்டன் யாவாரந்தான்!"

அன்று முழுக்க கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார்.

போன மழைக்காலத்தில் அவருக்குத் தலையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நாளும் கண் திறக்கவில்லை. "ஞாபகம் எம்புட்டு மிஞ்சியிருக்குன்னு முழிச்சாத்தாம்மா தெரியும்" என்றார் டாக்டர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேலையில் நானே ஆயிரம் தடவை சொன்னதுதான். கோபமாவது ஒன்றாவது, பயம். விழித்து என்னை யாரென்று கேட்டுவிடுவாரோ என்கிற பயம்.

மத்தியானம் மழை விட்டு வெயில் வந்தது. திரை வழியாகக் கசிந்து கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தது. அம்மா ஓரமாக ஓதிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் சுற்றியது. எனக்கும் கண் சொக்கியது. ஆஸ்பத்திரியா கடையா என்று ஒரு கணம் பிடிபடவில்லை. மூன்று நாளாக அத்தா, அத்தா என்று கூப்பிட்டு அலுத்த வாய், தானாக வேறொன்றைக் கேட்டது.

"அண்ணே, நாலு ஓட்டை பட்டன், சந்தன கலர் இருக்கா?"

கண் திறக்கவில்லை. உதடு அசைந்தது.

"மூணாம் தட்டு..." நீண்ட மூச்சு ஒன்று. "இடது ஓரம்."

அம்மா ஓதுவதை நிறுத்திவிட்டாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கழுத..." என்றார், இன்னும் மெல்ல. "பெத்த அத்தாவப் போயா அண்ணேங்கிற?"