மொழி தெரியாத காது

இப்போது அவன் பாடுகிறான் என்றால் மண்டபம் நிறைந்துவிடுகிறது. தொண்ணூறுகளின் நடுவில் அவனுடைய ரசிகர் கூட்டம் நான் ஒருவன்தான். அதுவும் ஸ்பானிஷில் ஒரு சொல்கூடத் தெரியாத ரசிகன்.

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ் வீட்டின் பேஸ்மென்ற். ஒரு அறையில் நான், மற்ற அறையில் பனாமாவிலிருந்து வந்த அவன். மேலே வீட்டுக்கார அன்ரி. இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினோம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி. சனிக்கிழமைகளில் மட்டும் அவன் ஒரு ஸ்பானிஷ் கிளப்பில் மைக் பிடிப்பான். ரெகே தாளத்தில் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் கடகடவென்று ஓடும் பாட்டுகள். எல்லாம் அவனே எழுதியவை.

புதுப் பாட்டு எழுதினால் ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டுவான். "பிரதர், கொஞ்சம் கேள்." கட்டில் விளிம்பில் இருந்து பிஸ்கட் டின்னில் தாளம் போட்டுப் பாடுவான். மொழி தெரிந்தவன் சொல்லில் மயங்கிவிடுவான், தெரியாதவனையும் பிடித்து உலுக்கினால்தான் அது பாட்டு என்பது அவன் கட்சி. நான் எந்த இடத்தில் கால் ஆட்டுகிறேன், எந்த இடத்தில் பராக்குப் பார்க்கிறேன் என்று கவனித்துக்கொண்டே பாடுவான். நான் கொட்டாவி விட்ட பாட்டுகளை இரக்கமில்லாமல் தூக்கி எறிந்திருக்கிறான்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியாது. ஊரில் அம்மாவோடு கதைக்க ரெலிபோன் இல்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசருக்கு நான் வெறும் "யூ". எனக்கு ஒன்று பிடித்திருக்கிறதா என்று அந்த நகரத்தில் கேட்ட ஒரே ஆள் அவன். ஞாயிறுகளில் அவன் தட்டுவான் என்று தேத்தண்ணி ஆறும்வரை கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், தனிமை என்னைத் தின்றுகொண்டிருந்தது.

வாரத்துக்கு ஒருநாள் தலையாட்டுவது எனக்குப் போதவில்லை. அவனோடு முழுசாகக் கதைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. நூலகத்தில் ஸ்பானிஷ் படிப்பிக்கும் கசற் எடுத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாக்மனில் கேட்டேன். பனிக்காலம் முழுக்கக் கேட்டேன். அவனுக்கு மூச்சுவிடவில்லை.

பனி கரைந்த பிறகு மயாமியிலிருந்து ஒரு தயாரிப்பாளர் அவனிடம் ஒரேயொரு பாட்டுக் கேட்டிருந்தார். பிடித்தால் அங்கே கூப்பிடுவாராம். அவன் எழுதிக்கொண்டு வந்து பாடினான். முடிந்ததும், நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஸ்பானிஷில் சொன்னேன்: "பஸ் தரிப்பில் நிற்பவன் தன்னோடு தானே கதைக்கிற இடம் நன்றாக இருக்கிறது."

அவன் துள்ளி எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தான். என் உச்சரிப்பைப் பழித்துக் காட்டிச் சிரித்தான். இருட்டும்வரை கதைத்தோம். கனடாவுக்கு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் என் கதவைத் தட்டவில்லை. கண்டால் கதைப்பான், பாடமாட்டான். அந்தப் பாட்டையும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "நீ இப்ப சொல்லைக் கேட்கிறாய், பிரதர்," என்றான். அவனுக்குக் கோபமில்லை, வருத்தம்தான். எனக்குத்தான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. படித்ததை மறப்பதற்கு எந்த நூலகத்தில் கசற் எடுப்பது?

சில கிழமைகள் கழித்து, குப்பையை வெளியே வைக்க மேலே போனேன். அன்ரி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்தப் பெடியன் நேற்று இதிலை இருந்து ஒரு புதுப் பாட்டுப் படிச்சவன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா அழுதிட்டன். நீர் கேட்டனீரோ?"

"இல்லை அன்ரி."

"பக்கத்து அறையிலை இருந்துகொண்டு கேக்கேல்லையோ? ஒருக்காக் கேளும், உமக்குப் பாடிக் காட்டமாட்டானே?"

"ஓம் அன்ரி, கேக்கிறன்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அன்ரி கேட்ட பாட்டைத்தான் அவன் மயாமிக்கு அனுப்பினான்.